அஜைல் டீம்ல எளிமையைக் கொண்டு வர்றது எப்படி: பேக்லாக்ல இருந்து ப்ரொடக்ஷன் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

2001 பிப்ரவரியில அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல, ஸ்னோபேர்ட்னு ஒரு பனிச்சறுக்கு ரிசார்ட்ல 17 பேர் கூடி, சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னத் துண்டா கட்டி அடிக்கடி கையில கொடுக்குற அஜைல்ங்கிற வேலைமுறைக்கு அறிக்கையா அஜைல் மேனிஃபெஸ்டோவை எழுதினாங்க. நாலு வேல்யூ, அதுக்குப் பின்னாடி 12 கொள்கை. அந்த 12-ல பத்தாவது எளிமையைப் பத்தினது, செய்யத் தேவையில்லாத வேலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யாம விடுறதுதான் எளிமை, அது இல்லாம ஆகாதுங்கிறதுதான் அதோட சாரம். ஸ்டாண்ட்அப் (தினமும் நடக்குற குட்டி மீட்டிங்), ஸ்பிரிண்ட் (குறிச்ச நாளுக்குள்ள முடிக்கிற வேலைச் சுற்று), ரெட்ரோ (சுற்று முடிஞ்சதும் எது சரி எது தப்புன்னு பேசுறது) எல்லாம் நம்ம டீம்கள்ல எப்பவோ வந்துடுச்சு, இந்தப் பத்தாவது கொள்கையை மட்டும் ட்ரெய்னிங் ஸ்லைடைத் தாண்டி யாரும் தொடுறதில்லை.

எளிமைன்னா க்ளீன் கோட் எழுதுறதுன்னு நிறைய டெவலப்பர்ஸ் நினைக்கிறாங்க, ஆனா நீங்க கோட் எழுதுற ஐடிஇ-யைத் திறக்கும்போது பாதி முடிவு ஏற்கனவே ஆகியிருக்கும், எதைக் கட்டுறது எதை விடுறதுன்னு பேசி முடிச்சு டிக்கெட்டாவும் (வேலைக் குறிப்பு) வந்திருக்கும். தேவையில்லாத ஒரு ஃபீச்சரை எவ்வளவு அழகான கோட்ல எழுதினாலும் அது சுமைதான். அதனால வேலை உள்ள வர்ற ஒவ்வொரு இடத்துலயும் எளிமைக்கு ஆள் நிக்கணும். இந்த வழிகாட்டியை அஞ்சுல இருந்து ஒம்பது பேர் இருக்கிற, ரெண்டு வாரம் ஸ்பிரிண்ட் ஓட்டுற டீமை மனசுல வெச்சு எழுதியிருக்கேன்.

படி 1: இப்போ என்ன சுமக்குறீங்கன்னு பாருங்க

குறைக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும். உங்க அப்ளிகேஷன்ல இருக்கிற ஸ்கிரீன், ரிப்போர்ட், ஏபிஐ (மத்த சாஃப்ட்வேர் இதோட பேசுற வாசல்) எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போடுங்க, பக்கத்துல மூணே நெடுவரிசை: கடைசியா யார் எப்போ யூஸ் பண்ணாங்க, இதை எடுத்துட்டா யார் போன் போட்டுக் கத்துவாங்க, போன மூணு மாசத்துல இதனால எத்தனை பக் வந்துச்சு. முதல் நெடுவரிசைக்கு யாரையும் கேக்காதீங்க, சர்வர் லாக்ல (யார் எப்போ எதைத் திறந்தாங்கன்னு சர்வர் தானா எழுதி வெக்கிற பதிவு) இருந்து எடுங்க, ஏன்னா வாய்விட்டுக் கேட்டா எல்லாரும் எல்லாமே வேணும்னுதான் சொல்லுவாங்க. அதே நேரம் 90 நாள் லாக்கை மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க. மார்ச் கடைசியில வருஷத்துக்கு ஒரே தடவை ஓடுற ரிப்போர்ட் ஒண்ணு இருக்கும், டிசம்பர் லாக்ல அது செத்த மாதிரி தெரியும், அதை எடுத்துட்டா ஆடிட்டர் முன்னாடி அக்கவுண்ட்ஸ் ஆளுங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பாங்க.

ஒரு சாஃப்ட்வேர்ல 64 சதவீத ஃபீச்சர்ஸ் யாரும் யூஸ் பண்றதே இல்லை, இல்லைன்னா ரொம்ப அபூர்வமா பண்றாங்கன்னு ஒரு நம்பர் பல வருஷமா ஸ்லைடுல சுத்திக்கிட்டிருக்கு. அது ஸ்டாண்டிஷ் குரூப்ங்கிற ஆராய்ச்சி நிறுவனம் 2002-ல ஒரு மாநாட்டுல சொன்னது, நாலே நாலு இன்டர்னல் அப்ளிகேஷனைப் பாத்து வந்த கணக்கு. அதை வெச்சு கிளையன்ட்கிட்ட வாதாடாதீங்க, உங்க லாக்ல இருந்து வர்ற நம்பர்தான் உங்களுக்கு பலம்.

படி 2: பேக்லாக் வாசல்ல நிறுத்திக் கேளுங்க

பேக்லாக்னா செய்யக் காத்திருக்கிற வேலைகளோட லிஸ்ட். என்னைக் கேட்டா இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்கா பண்ணினாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பாப்போம்.

ஒரு மொத்த வியாபாரிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றீங்க. அவங்க பக்கத்துல இருந்து ஒரு ரிக்வயர்மெண்ட் வருது: பாக்கி ரிப்போர்ட் வேணும், பிடிஎஃப்லயும் எக்செல்லயும் டவுன்லோட் ஆகணும், தினமும் காலையில மெயில் போகணும், ஏரியா வாரியா, சேல்ஸ்மேன் வாரியா, தேதி வாரியா ஃபில்டர் வேணும், யார் எதைப் பாக்கலாம்னு ரோல் செட் பண்ணணும். டீம் உக்காந்து எஸ்டிமேட் போட்டா ரெண்டு ஸ்பிரிண்ட் வருது. இந்த இடத்துல ப்ராடக்ட் ஓனர் (எதைக் கட்டணும்னு முடிவு பண்றவர்) கேக்க வேண்டியது "எந்த ஃபார்மட்ல வேணும்"னு இல்லை, "இந்த ரிப்போர்ட் கையில வந்ததும் அடுத்த அஞ்சு நிமிஷத்துல யார் என்ன பண்ணுவாங்க"ன்னு கேக்கணும்.

கேட்டா பதில் இப்படி வரும்: திங்கக்கிழமை காலையில அக்கவுண்டன்ட் 45 நாளுக்கு மேல பாக்கி வெச்ச கடைங்களைப் பொறுக்கி, ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் ஒரு பேப்பர் எடுத்துக் கொடுக்குறார், அவங்க அதை எடுத்துக்கிட்டு வசூலுக்குக் கிளம்புறாங்க. அவ்வளவுதான் வேலையே. அப்போ வேண்டியது ஒரே ஸ்கிரீன், 45 நாளைத் தாண்டின பாக்கி, சேல்ஸ்மேன் வாரியா பிரிச்சு, மேல ஒரு பிரிண்ட் பட்டன். மூணு நாலு நாள்ல முடிஞ்சு அடுத்த திங்கக்கிழமை அவங்க கையில இருக்கும். யூஸ் பண்ண ஆரம்பிச்சதும் அவங்க கேக்கப் போறது மெயிலும் எக்செல்லும் இல்லாம, "கடை பேருக்குப் பக்கத்துல போன் நம்பர் வந்தா நல்லா இருக்கும் சார்"ங்கிற மாதிரி ஒண்ணா இருக்கும், முதல் லிஸ்ட்ல அது இருந்திருக்கவே இருக்காது.

அதனால ஒவ்வொரு ஸ்டோரியும் (யூஸரோட ஒரு தேவை) ஸ்பிரிண்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைத் தாண்டணும். இதை யூஸ் பண்ணப் போற ஆள் யாரு, பேர் சொல்லு. இப்போ சாஃப்ட்வேர் இல்லாம அவர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? இதுல பாதியைக் கொடுத்தா அவர் வேலை நடக்குமா? மூணு மாசம் தள்ளிப் போட்டா என்ன கெட்டுப் போகும்? பேர் சொல்ல முடியலைன்னா, "யாராவது கேட்டாலும் கேப்பாங்க"ன்னு பதில் வந்தா, அந்த ஸ்டோரி வெளியவே இருக்கட்டும்.

பேக்லாக்கையும் சும்மா வளர விடாதீங்க. ஆறு மாசமா யாரும் திறக்காத டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுங்க, உண்மையாவே வேணும்னா திரும்ப வரும். நானூறு டிக்கெட் இருக்கிற பேக்லாக்கை யாரும் படிக்கிறதில்லை, அதை ஒழுங்குபடுத்துற க்ரூமிங் மீட்டிங் மட்டும் நீண்டுக்கிட்டே போகும்.

படி 3: நெடுக்கா வெட்டுங்க

ஸ்டோரியைச் சின்னதாக்கும்போது டேபிள் ஒரு டிக்கெட், ஏபிஐ ஒரு டிக்கெட், ஸ்கிரீன் ஒரு டிக்கெட்னு பிரிச்சா மூணும் முடியிற வரைக்கும் யூஸருக்கு ஒண்ணும் கிடைக்காது, நடுவுல ப்ரையாரிட்டி மாறினா அரைகுறையா நிக்கும். மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு துண்டு எடுங்க, பாக்கி ரிப்போர்ட்னா முதல் துண்டு ஒரே சேல்ஸ்மேனோட லிஸ்ட் ஸ்கிரீன்ல வர்றது, அவ்வளவு போதும், டெமோவுல காட்டுற மாதிரி இருக்கணும்.

படி 4: கோட்ல இன்னிக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்க

1990-கள்ல கிரைஸ்லர் கார் கம்பெனியில சி3-னு ஒரு பேரோல் (சம்பளக் கணக்கு) ப்ராஜெக்ட் ஓடுச்சு, அதுலதான் கென்ட் பெக், ரான் ஜெஃப்ரீஸ் மாதிரி ஆளுங்க எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங்ங்கிற அஜைல் முறையை உருவாக்கினாங்க. "உனக்கு இது தேவைப்படாது"ன்னு அர்த்தம் வர்ற யாக்னி அந்தக் கூட்டத்துல இருந்து வந்த பழக்கம்தான். நாளைக்குத் தேவைப்படும்னு இன்னிக்கே எழுதுற கோடுக்கு நாலு விதமா செலவாகுதுன்னு சாஃப்ட்வேர் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் பிரிச்சுக் காட்டுறார்: எழுதுற நேரம், அந்த நேரத்துல எழுதியிருக்க வேண்டிய உருப்படியான ஃபீச்சர் தள்ளிப் போறது, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாத்தத்துலயும் அந்தக் கோடைச் சுத்திக்கிட்டு போக வேண்டிய பாரம், நாளைக்கு உண்மையாவே தேவை வரும்போது நாம நினைச்ச மாதிரி இல்லாம போனா அதைத் திருத்துற செலவு. இதுல மூணாவதுதான் ரொம்பக் கொடுமை, எந்த எஸ்டிமேட்லயும் தெரியாது, ஆனா தினமும் கட்டிக்கிட்டே இருப்போம்.

பில்லிங்கையே எடுத்துக்குவோம். டிஸ்கவுண்ட் ஒரே ஒரு விதம்தான், 50,000 ரூபாய்க்கு மேல வாங்கினா 2 சதவீதம். இதுக்கு ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு ஃபேக்டரி, டிஸ்கவுண்ட் வகைக்கு ஒரு டேபிள், அதை மாத்த ஒரு அட்மின் ஸ்கிரீன்னு கட்டுற டீம் நிறைய. எழுதுறவங்க புத்திசாலிங்க, நல்ல எண்ணத்துலதான் எழுதுறாங்க, ஆனா பில்லுல தப்பு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு டீபக் பண்றவர் அஞ்சு ஃபைல் தாவ வேண்டியிருக்கு. ஒரு ஃபங்ஷன், உள்ள ஒரு இஃப், ரெண்டு டெஸ்ட், முடிஞ்சது. ரெண்டாவது டிஸ்கவுண்ட் வந்தா இன்னொரு இஃப் போடுங்க. மூணாவது வரும்போது மூணுக்கும் என்ன பொதுன்னு கண்ணுக்கே தெரியும், அப்போ பிரிங்க, அதுவரைக்கும் பொறுங்க.

கோட் ரிவ்யூவுல கென்ட் பெக்கோட நாலு விதியை இதே வரிசையில வெச்சுக்கலாம்: டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகணும், படிச்சா எதுக்குன்னு புரியணும், ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது, இதுக்கு மேல கிளாஸ், மெத்தட் எண்ணிக்கை எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. வரிசை முக்கியம், கம்மியாக்குறேன்னு படிக்கவே முடியாம சுருக்குறது எளிமை ஆகாது.

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். எளிமைங்கிற பேர்ல டெஸ்டை விடுறது, இன்புட் வேலிடேஷனை விடுறது, பேக்கப் எடுக்காம இருக்கிறது, பாஸ்வேர்டை அப்படியே ஸ்டோர் பண்றது இதெல்லாம் வெறும் கடன், ஃபீச்சரைக் குறைங்க, தரத்தைக் குறைக்காதீங்க. அதே மாதிரி பின்னாடி மாத்த ரொம்பக் கஷ்டமான சில முடிவுகளை முதல் நாளே யோசிச்சுத்தான் எடுக்கணும். பணத்தை ஃப்ளோட்ல (தோராயமா வெக்கிற தசம எண் வகை) வெக்காதீங்க, டெசிமல்ல இல்லைன்னா பைசா கணக்குல முழு எண்ணா வையுங்க. நேரத்தை டைம்ஸோனோட சேர்த்து வையுங்க. தமிழ்ப் பேர் வரும்னா டேபிள் யூனிகோடுல இருக்கட்டும், பத்து லட்சம் ரெக்கார்டு கேள்விக்குறியா மாறினதுக்கு அப்புறம் அதைச் சரி பண்ண முடியாது. வெளி ஆளுங்க கூப்பிடுற ஏபிஐ-யும் இந்த லிஸ்ட்லதான் வரும். மத்தது எல்லாத்தையும் தள்ளிப் போடலாம்.

படி 5: ஆர்கிடெக்சரை டீம் சைஸுக்கு ஏத்த மாதிரி வையுங்க

ஆறு பேர் டீம், பன்னெண்டு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியா ஓடுற குட்டி சர்வீஸ்), நடுவுல மெசேஜ் கடத்த ஒரு காஃப்கா, மேல எல்லாத்தையும் ஓட்டி நிர்வகிக்க குபெர்னெட்டிஸ், யூஸர் எண்ணிக்கை எண்ணூறு, இப்படி இருக்கிற ப்ராஜெக்ட்ல வேலை பாக்குறவங்களுக்கு அந்த வலி தெரியும். ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன்ல முடிய வேண்டிய விஷயம் மூணு சர்வீஸுக்குப் பிரிஞ்சு, நடுவுல ஒண்ணு விழுந்தா ஆர்டர் இருக்கும் பேமெண்ட் இருக்காது, அதைச் சரி பண்ண தனியா ஒரு ஜாப், அந்த ஜாப் ஓடுதான்னு பாக்க ஒரு அலர்ட், இப்படிப் போய்க்கிட்டே இருக்கும்.

2014-ல ஃபேஸ்புக் வாங்கின நேரத்துல வாட்ஸ்அப்புக்கு மாசம் 45 கோடி யூஸர்ஸ், இன்ஜினியர்ஸ் 32 பேர். விளம்பரம் இல்லை, கேம் இல்லை, மெசேஜ் போய்ச் சேரணும், அவ்வளவுதான்னு பிடிவாதமா நின்னாங்க. இன்ஸ்டாகிராம் ஆரம்பத்துல பர்பன்னு, எங்க இருக்கோம்னு பதியற ஒரு செக்-இன் ஆப், அதுல ஏகப்பட்டது இருந்துச்சு, அதை உருவாக்கின கெவின் சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் போட்டோ, கமெண்ட், லைக் இந்த மூணைத் தவிர மத்ததைத் தூக்கிட்டு 2010 அக்டோபர்ல ரிலீஸ் பண்ணாங்க, 2012-ல 100 கோடி டாலருக்கு வித்தப்போ கம்பெனியில இருந்தது 13 பேர். 2023-ல அமேசான் பிரைம் வீடியோ டீம் தங்களோட வீடியோ குவாலிட்டி மானிட்டரிங் சர்வீஸைப் பல துண்டா இருந்ததுல இருந்து ஒரே ப்ராசஸுக்கு மாத்தி செலவை 90 சதவீதத்துக்கு மேல குறைச்சதா எழுதினாங்க. அமேசானே மைக்ரோசர்வீஸை விட்டுட்டாங்கன்னு அப்போ எல்லாரும் கிளப்பி விட்டாங்க, அது தப்பு, அது ஒரே ஒரு சர்வீஸ் மட்டும்தான். ஆனா உங்களுக்கு வேண்டிய பாடம் அதுல இருக்கு, வேலை எந்த மாதிரின்னு பாத்துட்டுப் பிரிங்க.

ஒரே அப்ளிகேஷன், உள்ள தெளிவா பிரிச்ச மாட்யூல், ஒரே டேட்டாபேஸ், இப்படி ஆரம்பிங்க. தனியா பிரிக்கணும்னா ஒரு நிஜக் காரணம் வேணும்: அந்தப் பகுதிக்கு மட்டும் லோடு வேற மாதிரி, இல்லைன்னா அதை வேற டீம் வேற வேகத்துல ரிலீஸ் பண்ணுது.

படி 6: அழிக்கிறதுக்கு நேரம் ஒதுக்குங்க

எப்பவாவது உதவும்னு பரண்ல ஏத்தி வெச்ச சாமான் மாதிரி பழைய கோடை வெச்சிருக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நைட் கேபிட்டல்ல நடந்ததைப் பாத்தா தெரியும். அமெரிக்காவுல பெரிய பங்கு வர்த்தக நிறுவனம் அது. அவங்க ஆர்டர் அனுப்புற சிஸ்டத்துல பவர் பெக்னு ஒரு பழைய ஃபங்ஷன், 2003-லயே யூஸ் பண்றதை நிறுத்திட்டாங்க, கோடை மட்டும் எடுக்கலை. 2012-ல புது ஃபீச்சர் ஒண்ணு எழுதும்போது அந்தப் பழைய ஃபங்ஷனை ஆன் பண்ற ஃப்ளாகையே (கோட்ல இருக்கிற சுவிட்ச் மாதிரி) திரும்ப எடுத்து யூஸ் பண்ணாங்க. எட்டு சர்வர்ல ஏழுல புதுக் கோட் போச்சு, ஒண்ணுல விட்டுப் போச்சு. ஆகஸ்ட் 1 காலையில மார்க்கெட் திறந்ததும் அந்த எட்டாவது சர்வர்ல ஃப்ளாக் ஆன் ஆகி, ஒம்பது வருஷமா தூங்கிக்கிட்டிருந்த பவர் பெக் முழிச்சு ஆர்டரை அள்ளிவிட ஆரம்பிச்சுது. மார்க்கெட் திறக்குறதுக்கு முன்னாடியே சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருக்கு, யாரும் அதை அலர்ட்டா எடுத்துக்கலை. பிரச்சினை என்னன்னு புரியாம மத்த ஏழு சர்வர்லயும் புதுக் கோடை எடுத்தாங்க, அப்போ அந்த ஏழுலயும் பழசு ஓட ஆரம்பிச்சுது. 45 நிமிஷத்துல போனது 44 கோடி டாலருக்கு மேல. கம்பெனி தனியா நிக்க முடியாம அடுத்த வருஷமே இன்னொரு நிறுவனத்தோட இணைஞ்சது.

அதனால ஒவ்வொரு ஸ்பிரிண்ட்லயும் ஒரு அழிக்கிற டிக்கெட் கட்டாயம் இருக்கட்டும். படி 1-ல போட்ட ஷீட்ல இருந்து ஒண்ணை எடுங்க. முதல்ல மெனுவுல இருந்து மறைங்க, ஒரு மாசக் கடைசி தாண்டுற வரைக்கும் காத்திருங்க, யாரும் கேக்கலைன்னா கோடையும் அதோட டெஸ்டையும் எடுங்க, டேபிளை மட்டும் கடைசியா, பேக்கப் எடுத்துட்டு எடுங்க. கமெண்ட் போட்டு வெக்கிறது அழிக்கிறது ஆகாது, பழசு கிட்ல (கோடோட பழைய வடிவங்களைச் சேமிக்கிற டூல்) பத்திரமா இருக்கும். ஃபீச்சர் ஃப்ளாக் உருவாக்கும்போதே அதை எடுக்க வேண்டிய தேதியோட ஒரு டிக்கெட்டும் போடுங்க, ஒரு ஃப்ளாக் பேரை ரெண்டாவது தடவை எந்தக் காரணத்துக்கும் யூஸ் பண்ணாதீங்க.

அழிச்சவங்களைப் பாராட்டவும் செய்யுங்க. 1982-ல ஆப்பிள்ல லிசா கம்ப்யூட்டர் டீம்ல, வாரா வாரம் எத்தனை வரி எழுதினீங்கன்னு ஃபார்ம்ல எழுதச் சொன்னாங்க. பில் அட்கின்சன் அந்த வாரம் கிராஃபிக்ஸ் கோட்ல ஒரு பகுதியைத் திரும்ப எழுதி, சுமார் 2000 வரியைக் குறைச்சு, வேகத்தையும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூட்டியிருந்தார். ஃபார்ம்ல மைனஸ் 2000-ன்னு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள்ல அவர்கிட்ட அந்த ஃபார்மைக் கேக்குறதையே விட்டுட்டாங்க. உங்க ஸ்பிரிண்ட் ரிவ்யூவுலயும் "இந்தத் தடவை என்ன எடுத்தோம்"னு ஒரு வரி இருக்கட்டும்.

படி 7: ப்ராசஸையும் இளைக்க வையுங்க

2020-ல வந்த, ஸ்க்ரம்ங்கிற அஜைல் முறையோட கைடு மொத்தமே 13 பக்கம். நேத்து என்ன பண்ணீங்க, இன்னிக்கு என்ன, ஏதாவது தடையாங்கிற, ஸ்டாண்ட்அப்ல கேக்குற அந்த மூணு கேள்வியையே அதுல எடுத்துட்டாங்க. டிக்கெட் எல்லாம் வெக்கிற நம்ம ஜிராவுல ஒரு டிக்கெட்டுக்கு பதினோரு ஸ்டேட்டஸ், இருபது கட்டாய ஃபீல்டு. டு-டூ, நடக்குது, டெஸ்டிங், முடிஞ்சதுன்னு நாலு போதும், அஞ்சாவது வேணும்னு கேக்குறவர் அதைப் பாத்து என்ன முடிவு எடுப்பார்னு சொல்லட்டும்.

ஒரே நேரத்துல கையில எடுக்குற வேலைக்கு ஒரு எல்லை போடுங்க. "லிட்டில்ஸ் லா"ன்னு ஒரு கணக்கு இருக்கு: சராசரியா கையில இருக்கிற வேலையை, வாரத்துக்கு முடிக்கிற வேலையால வகுத்தா, ஒரு வேலை முடிய எத்தனை வாரம் ஆகும்னு வரும். வாரத்துக்கு 4 ஸ்டோரி முடிக்கிற டீம் 12 ஸ்டோரியைத் திறந்து வெச்சிருந்தா ஒவ்வொண்ணும் முடிய சராசரி 3 வாரம். முடிக்கிற வேகம் அதேதான்னாலும் 6 மட்டும் திறந்து வெச்சா ஒன்றரை வாரம். யாரும் கூடுதலா உழைக்கலை, ராத்திரி உக்காரலை. கையில வேலை இல்லாத டெவலப்பர் புது டிக்கெட்டை இழுக்காம, டெஸ்டிங்ல நிக்கிறதை நகத்தப் போகட்டும்.

படி 8: கிளையன்ட்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் பேசுங்க

சென்னை, கோயம்புத்தூர்ல சர்வீஸ் கம்பெனியில இருக்கிறவங்களுக்கு இதுதான் நிஜமான கஷ்டம். கிளையன்ட் இடத்துலயே இருக்கிற ஆன்சைட் ஆள் போன் கால்லயே சரின்னு சொல்லிட்டு வந்துடுவார், அப்ரைசல்ல எத்தனை ஃபீச்சர் டெலிவர் பண்ணீங்கன்னுதான் கேப்பாங்க, மணிக்கணக்குல பில் பண்ற ப்ராஜெக்ட்ல வேலையைக் குறைக்கிறதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு ஆசையும் இருக்காது. இது எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன், வேணாம்னு நேரா சொல்லத் தேவையில்லை.

"மேடம், நீங்க கேட்டது எல்லாம் லிஸ்ட்ல இருக்கு, எதையும் விடலை. இதுல வசூலுக்கு உடனே வேண்டிய பகுதியை இந்த வெள்ளிக்கிழமையே கொடுத்துடுறோம். ரெண்டு வாரம் யூஸ் பண்ணிட்டு மீதியில எது முதல்ல வேணும்னு நீங்களே சொல்லுங்க." இப்படிச் சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஏன்னா சீக்கிரம் கிடைக்குது. ரெண்டு வாரம் கழிச்சு மீதி லிஸ்ட்ல பாதியை அவங்களே மறந்திருப்பாங்க. ஃபிக்ஸட் ப்ரைஸ் கான்ட்ராக்ட்னா, உள்ள ஒண்ணு வந்தா அதே அளவுல ஒண்ணு வெளிய போகும்னு ஆரம்பத்துலயே எழுத்துல வாங்கிடுங்க. மேனேஜருக்கு ஃபீச்சர் எண்ணிக்கைக்குப் பதிலா ரெண்டு நம்பரைக் கொண்டு போங்க: கேட்டதுல இருந்து கையில கிடைக்க எத்தனை நாள், ப்ரொடக்ஷன் பக் எத்தனை. அவர் மேல கொண்டு போய்க் காட்ட முடியுற மாதிரி இருக்கும். ஜூனியர்ஸ் கேள்வி கேட்டா லீட் கூட நிக்கணும், "இது எதுக்கு சார்"னு கேட்ட பையனை மீட்டிங்ல ஒரு தடவை அடக்கிட்டா அந்த டீம்ல அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.

படி 9: புதுசா சேந்தவரை வெச்சு அளந்து பாருங்க

கோட் எவ்வளவு சிக்கலா இருக்குன்னு சொல்ற டூல்ஸ் இருக்கு, யூஸ் பண்ணுங்க, தப்பில்லை. ஆனா பழகின கண்ணுக்குச் சிக்கல் தெரியாது, அதனால அடுத்ததா டீம்ல சேர்றவர்கிட்ட லேப்டாப்பையும் ரீட்மீயையும் (ப்ராஜெக்டை எப்படி ஓட்டணும்னு எழுதின குறிப்பு) கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காராம விடுங்க. அப்ளிகேஷன் அவர் மெஷின்ல ஓட எவ்வளவு நேரம் ஆச்சு, முதல் சின்ன பக்கை ஃபிக்ஸ் பண்ணி ப்ரொடக்ஷனுக்கு அனுப்ப எத்தனை நாள் ஆச்சு, எங்கெங்க வந்து "இது என்ன"ன்னு கேட்டார், எல்லாத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்க. மூணு நாளைக்கு மேல ஆச்சுன்னா அவர் மேல குறை இல்லை. அவர் எழுதின லிஸ்டை அடுத்த ரெட்ரோவுல திறந்து, முதல் மூணை அப்படியே அடுத்த ஸ்பிரிண்டுக்கு டிக்கெட்டா போடுங்க.